அறுபத்து நான்கு எழுத்துச் சாட்சி

2016 பிப்ரவரி 20ஆம் தேதி லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கிக்கொண்ட சிலருக்கு, கேட்காத பொருள் ஒன்றும் சேர்ந்து வந்தது. தளத்துக்குள் ஊடுருவிய ஒருவர், 17.3 பதிப்பின் சின்னமன் வடிவத்துக்கான டவுன்லோட் இணைப்பைப் பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வரை நோக்கித் திருப்பிவிட்டிருந்தார். அங்கிருந்து வந்த ஐஎஸ்ஓ கோப்பு பார்வைக்கு அசலைப் போலவே இருந்தது. நிறுவினால் ஒழுங்காக வேலையும் செய்தது. ஆனால், அதற்குள் ‘சுனாமி’ என்ற பின்கதவு நிரல் ஒளிந்திருந்தது. அந்தக் கதவு வழியாக வெளியாள் ஒருவர் அந்தக் கணினிக்குக் கட்டளையிட முடியும்.

திட்டத்தின் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் விஷயத்தை உடனே வெளியில் சொன்னார். அசல் கோப்புகளின் எம்டி5 ஹாஷ் மதிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். உங்களிடம் உள்ள கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டு இவற்றோடு ஒப்பிடுங்கள், பொருந்தாவிட்டால் கோப்பை அழித்துவிடுங்கள் என்பதுதான் செய்தி. ஒன்றரை ஜிபி அளவுள்ள கோப்பில் எங்கே என்ன மாறியிருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. முப்பத்திரண்டு எழுத்துகளைப் பார்த்தால் போதும்.

கதை அங்கே முடியவில்லை. டவுன்லோட் பக்கத்தில் அச்சிட்டிருந்த ஹாஷையும் தானே மாற்றிவிட்டதாக அந்த ஊடுருவல்காரர் பின்னர் இசட்டிநெட் செய்தியாளரிடம் சொன்னார். அதையெல்லாம் யார் சரிபார்க்கிறார்கள் என்ற ஏளனமும் கூடவே வந்தது. அவர் சொன்னபடி நடந்திருந்தால், அன்று அக்கறையோடு சரிபார்த்தவருக்கும் “பொருந்துகிறது” என்ற பதிலே கிடைத்திருக்கும். எடைக்கல்லும் சரக்கும் ஒரே கையிலிருந்து வந்தால் தராசு நேராகத்தானே நிற்கும்?

ஹாஷ் பொய் சொல்வதில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதுவும் அதுவும் ஒன்றா? ‘அது’ எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த எல்லைக்கோட்டைச் சுற்றித்தான் நடக்கிறது.

எதைக் கொடுத்தாலும் ஒரே நீளம்

ஹாஷ் என்பது ஒரு கணக்கு. ஓர் எழுத்தைக் கொடுத்தாலும் சரி, ஒரு முழுத் திரைப்படத்தைக் கொடுத்தாலும் சரி, ஒரே நீளமுள்ள ஓர் எண்ணைத் திருப்பித் தரும். எம்டி5 கணக்கில் அந்த நீளம் 128 பிட், ஷா-1இல் 160 பிட், இன்று பரவலாகப் புழங்கும் ஷா-256இல் 256 பிட். 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆறு எழுத்துகளும் கொண்ட பதினாறு குறிகளால் இதை எழுதுவார்கள். ஒரு குறிக்கு நான்கு பிட் என்பதால் எம்டி5 32 எழுத்துகளாகவும், ஷா-1 40 எழுத்துகளாகவும், ஷா-256 64 எழுத்துகளாகவும் திரையில் தெரியும். எந்தக் கணக்கு என்று குறிப்பிடாமல் யாராவது ஒரு ஹாஷைக் கொடுத்தால், எழுத்துகளை எண்ணியே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

ஷா-256 எப்படி வேலை செய்கிறது? கோப்பின் முடிவில் ஒரு 1 பிட்டையும், தேவையான அளவு 0 பிட்டுகளையும், கடைசியாகக் கோப்பின் மொத்த நீளத்தையும் எழுதிச் சேர்ப்பார்கள். பிறகு முழுவதையும் 64 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டுவார்கள். இன்னொரு பக்கம் எட்டு எண்கள் தயாராக இருக்கும், ஒவ்வொன்றும் 32 பிட். முதல் துண்டு வந்ததும் அந்த எட்டு எண்களோடு 64 சுற்றுகள் கலக்கப்படும். ஒவ்வொரு சுற்றிலும் பிட்டுகளைச் சுழற்றுவது, ஒன்றோடொன்று பொருத்துவது, கூட்டி 32 பிட்டுக்கு மேல் வழிவதை விட்டுவிடுவது என்ற எளிய வேலைகள்தான் நடக்கும். 64 சுற்றும் முடிந்ததும் எட்டு எண்களும் புது எண்களாகியிருக்கும். அவற்றோடு அடுத்த துண்டைக் கலக்க வேண்டும். கடைசித் துண்டு முடியும்போது மிஞ்சும் எட்டு எண்களை வரிசையாக எழுதினால் அதுவே ஹாஷ். இப்படிச் சங்கிலியாகக் கோக்கும் முறை பாதுகாப்பானது என்பதற்கான கணித நியாயத்தை ரால்ஃப் மெர்க்கிளும் இவான் டாம்கோர்டும் 1989இல் தனித்தனியே முன்வைத்தார்கள்.

தொடக்கத்தில் இருக்கும் எட்டு எண்களை யார் தேர்ந்தெடுத்தது? 2 முதல் 19 வரையிலான முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலங்களை எடுத்து, தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியின் முதல் 32 பிட்டுகளைப் பிடித்திருக்கிறார்கள். 64 சுற்றுகளுக்கான மாறிலிகள், 311 வரையிலான முதல் 64 பகா எண்களின் கனமூலங்களிலிருந்து அதே முறையில் வந்தவை. காரணம் எளிது. ஷா-256ஐ வடிவமைத்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. உளவு அமைப்பு தந்த எண்களில் ரகசிய வழி ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகம் எவருக்கும் வரும். பகா எண்களின் மூலங்களை எவரும் தன்னிச்சையாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைகிறது.

இந்தக் கலக்கலின் விளைவு, கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையின் 256 பிட்டுகளில் சராசரியாகப் பாதி புரண்டுவிடும். 64 எழுத்துகளில் ஏறத்தாழ அறுபது வேறாகிவிடும். கோப்பு கொஞ்சம்தான் மாறியதா, முழுவதும் மாறியதா என்பதை ஹாஷைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

கோப்புகள் எண்ணற்றவை, ஹாஷ்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆகவே ஒரே ஹாஷ் கொண்ட இரண்டு வெவ்வேறு கோப்புகள் எங்கோ இருந்தே தீர வேண்டும். பிரச்சினை அவற்றைக் கண்டுபிடிப்பதில்தான். ஷா-256இன் சாத்தியமான விடைகளை எண்ணினால் 78 இலக்க எண் வரும். கண்ணை மூடிக்கொண்டு முயன்று ‘மோதல்’ எனப்படும் அத்தகைய இணை ஒன்றைப் பிடிக்க, நிகழ்தகவுக் கணக்குப்படி, இரண்டின் 128ஆம் அடுக்கு அளவுக்கு முயற்சிகள் தேவை. உலகெங்கும் பிட்காயின் சுரங்கக் கணினிகள் சேர்ந்து 2024இல் நொடிக்குச் சுமார் 60 லட்சம் கோடி கோடி முயற்சிகள் செய்தன. அவையெல்லாம் இந்த ஒரே வேலையில் இறங்கினாலும் ஏறத்தாழ 1,800 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு வேறு

எழுத்துகளின் ஹாஷைக் கணக்கிடும்போது ஒரு விஷயம் பலரையும் குழப்பும். ஹாஷ் கணக்கு எழுத்தைப் பார்ப்பதில்லை. எழுத்து எந்த பைட்டுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. தமிழில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் என்பதால், முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஹாஷ் முற்றிலும் வேறு. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதிகளே சொல்கின்றன. ஆனால் அந்த விதிகளை ஹாஷ் கணக்கு படித்ததில்லை. எந்த வடிவம் வரும் என்பது தட்டச்சு முறையையும் எழுத்துரு மாற்றியையும் பொறுத்தது.

‘ஸ்ரீ’ இன்னும் சிக்கலானது. ஸகரத்தில் தொடங்கி எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவத்தில்தான் காட்டும். ‘கொ’வையாவது என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கத்தின் வழியே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ‘ஸ்ரீ’யை அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் ஸவும் ஶவும் யூனிகோடின் பார்வையில் வெவ்வேறு எழுத்துகள்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் இன்னும் உண்டு. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு பைட் போடும், லினக்ஸ் ஒரு பைட் போடும். சில எடிட்டர்கள் கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் ஒன்றைச் சேர்க்கும். லினக்ஸில் எக்கோ கட்டளை வழியாக ஒரு சொல்லை ஹாஷ் கணக்குக்கு அனுப்பினால், கடைசியில் ஒரு புதுவரிக் குறியும் கூடவே போகும். அதே சொல்லை ஓர் இணையப் பெட்டியில் ஒட்டினால் அது போகாது. இரு இடங்களிலும் விடை வேறாக வருவதைப் பார்த்து ஏதோ ஒன்று தவறாகக் கணக்கிடுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் சரியாகவே கணக்கிடுகின்றன, கேள்விகள்தான் வேறு.

உடைந்த கணக்குகள்

எம்டி5ஐ வடிவமைத்தவர் எம்ஐடி பேராசிரியர் ரொனால்ட் ரிவெஸ்ட். 1992இல் வெளியாகி, பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகமெங்கும் ஓடியது. 2004 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் நடந்த கிரிப்டோ மாநாட்டில், சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன்னும் அவரது குழுவினரும் ஒரே எம்டி5 மதிப்பு தரும் இரண்டு வெவ்வேறு தரவுகளை மேடையிலேயே காட்டினார்கள்.

அர்த்தமில்லாத இரண்டு பைட் குவியல்கள் மோதினால் என்ன நஷ்டம் என்று கேட்டவர்களுக்கு 2008 டிசம்பரில் பெர்லினில் பதில் கிடைத்தது. ஓர் ஆய்வுக் குழு 200க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 கருவிகளை இணைத்து எம்டி5 மோதல் ஒன்றை உருவாக்கியது. அதைக் கொண்டு, எல்லா பிரவுசர்களும் நம்பக்கூடிய போலிச் சான்றளிக்கும் நிறுவனச் சான்றிதழ் ஒன்றையே செய்துகாட்டியது. அதை வைத்து எந்த இணையதளமாகவும் வேடம் போட்டிருக்க முடியும். 2012இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபிளேம் உளவு நிரல், இதே வகை எம்டி5 மோதலால் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தைப் போலி செய்து, விண்டோஸ் அப்டேட் என்ற பெயரில் கணினிகளுக்குள் நுழைந்தது.

ஷா-1இன் முறை 2017 பிப்ரவரி 23 அன்று வந்தது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் இணைந்து, ஒரே ஷா-1 ஹாஷ் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. ஒன்றின் பின்னணி நீலம், மற்றொன்றின் பின்னணி சிவப்பு. இதற்கு 92 ஆயிரம் கோடி கோடிக்கும் அதிகமான ஷா-1 கணக்கீடுகள் தேவைப்பட்டன. ஒற்றை சிபியு செய்திருந்தால் முதல் கட்டத்துக்கு 6,500 ஆண்டும், ஒற்றை ஜிபியு செய்திருந்தால் இரண்டாம் கட்டத்துக்கு 110 ஆண்டும் ஆகியிருக்கும். இதன் பக்கவிளைவு ஒன்று சுவையானது. வெப்கிட் பிரவுசர் திட்டத்தில் யாரோ அந்த இரண்டு கோப்புகளையும் சோதனைக்காகச் சேர்த்தார்கள். கோப்புகளை ஷா-1 வழியாக அடையாளம் கண்டுகொண்டிருந்த அவர்களுடைய சப்வெர்ஷன் நிரல் கிடங்கு, இரண்டும் ஒன்றே என்று எண்ணிக் குழம்பி நின்றுவிட்டது. ஷா-1ஐ 2030 டிசம்பர் 31க்குள் முழுவதுமாகக் கைவிட வேண்டும் என்று அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2022இல் அறிவித்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மோதல் என்பது, ஒரே ஹாஷ் வரும்படி இரண்டு கோப்புகளையும் ஒருவரே திட்டமிட்டுத் தயாரிப்பது. இன்னொருவர் ஏற்கெனவே செய்துவைத்த கோப்பின் ஹாஷுக்குப் பொருந்தும்படி வேறொரு கோப்பை உருவாக்குவது அதைவிடப் பல மடங்கு கடினம். அதை எம்டி5இல்கூட இதுவரை எவராலும் நடைமுறையில் செய்ய முடியவில்லை. ஆகவே டவுன்லோடு பாதியில் அறுந்ததா, பென் டிரைவில் பிட் ஏதும் கெட்டதா என்று பார்க்க எம்டி5 இன்றும் போதும். கோப்பைத் தருபவரே ஏமாற்றக்கூடும் என்ற இடத்தில் எம்டி5, ஷா-1 இரண்டையும் நம்பக் கூடாது.

திருப்பிப் போட முடியாதா?

ஹாஷிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற முடியாது என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. கணக்கு அப்படித்தான். ஆனால் மூலம் என்னவாக இருக்கலாம் என்ற பட்டியல் சிறியதாக இருந்தால் திரும்பப் பெற வேண்டிய தேவையே இல்லை. பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுவிடலாம்.

நியூயார்க் நகரம் 2014இல் இதற்கு விலை கொடுத்தது. தகவல் உரிமை விண்ணப்பம் ஒன்றுக்குப் பதிலாக, 2013இல் நடந்த 17 கோடிக்கும் அதிகமான டாக்ஸிப் பயணங்களின் விவரங்களை அது வெளியிட்டது. வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் தெரியாமலிருக்க, அவற்றுக்குப் பதில் எம்டி5 ஹாஷ்களைப் போட்டிருந்தார்கள். ஒரு வண்டி மட்டும் நம்ப முடியாத எண்ணிக்கையில் பயணம் செய்திருப்பதைச் சிலர் கவனித்தார்கள். அந்த வண்டியின் ஹாஷ், ‘0’ என்ற ஒற்றை எழுத்தின் எம்டி5 மதிப்பு. எண் பதிவாகாத பயணங்கள் எல்லாம் அதன் கணக்கில் விழுந்திருந்தன. நூல் முனை கிடைத்துவிட்டது. நியூயார்க் டாக்ஸி எண்கள் குறிப்பிட்ட சில அமைப்புகளில் மட்டுமே வரும். விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் சாத்தியமான எண்கள் எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு, சில மணி நேரத்துக்குள் மொத்தத் தரவையும் அவிழ்த்துக் காட்டினார்.

இந்திய மொபைல் எண்களுக்கும் இதே கதிதான். 6 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. இன்றைய நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி ஷா-256 ஹாஷ்கள் போடும். எங்கள் வாடிக்கையாளர்களின் எண்களை ஹாஷ் செய்துதான் வைத்திருக்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதில் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை என்று அர்த்தம். எம்டி5ஐ அவிழ்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இணையதளங்களும் எதையும் அவிழ்ப்பதில்லை. முன்கூட்டியே போட்டுவைத்த அட்டவணையில் தேடித் தருகின்றன, அவ்வளவுதான். இதனால்தான் பாஸ்வேர்டுகளோடு ஒவ்வொருவருக்கும் வேறான ‘சால்ட்’ என்ற தற்செயல் எழுத்துத்தொடர் ஒன்றைச் சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற கணக்குகளில் போடுகிறார்கள்.

இதே ஒப்பீட்டை நல்ல வேலைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று ட்ராய் ஹன்ட் நடத்தும் ‘ஹேவ் ஐ பீன் பௌன்ட்’ தளத்தில் பார்க்கலாம். பிரவுசர் உங்கள் பாஸ்வேர்டின் ஷா-1 ஹாஷைக் கணக்கிட்டு, 40 எழுத்துகளில் முதல் ஐந்தை மட்டுமே அனுப்பும். அந்த ஐந்தில் தொடங்கும் ஹாஷ்கள் எல்லாவற்றின் மீதி எழுத்துகளையும் தளம் திருப்பித் தரும். கடைசி ஒப்பீடு உங்கள் கணினியிலேயே நடக்கும். பாஸ்வேர்டும் அதன் முழு ஹாஷும் அந்தத் தளத்துக்குத் தெரியாமலே பதில் கிடைத்துவிடுகிறது.

இணையப் பெட்டியில் இடும் முன்

ஹாஷ் கணக்கிட்டுத் தரும் இணையதளங்கள் நிறைய உண்டு. எழுத்தை ஒட்டினாலோ கோப்பை இழுத்துப் போட்டாலோ உடனே விடை வரும். முதலில் கேட்க வேண்டியது, கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போகிறதா என்பதை. நவீன பிரவுசர்களில் ஷா வகைக் கணக்குகள் உள்ளேயே அமைந்திருக்கின்றன. எம்டி5ஐயும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிவிடலாம். ஆகவே நல்ல தளங்கள் எல்லா வேலையையும் உங்கள் கணினியிலேயே முடித்துவிடும். சில தளங்களோ கோப்பைத் தங்கள் சர்வருக்கு ஏற்றிக்கொண்டு அங்கே கணக்கிடும். பக்கம் திறந்த பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு முயன்றுபாருங்கள். அப்போதும் விடை வந்தால் வேலை உங்களிடமே நடக்கிறது. மீண்டும் இணைத்ததும் அது எதையாவது அனுப்புமா என்ற கேள்வி மிச்சமிருக்கும் என்பதால், வங்கி விவரம், மருத்துவ அறிக்கை, பாஸ்வேர்டு போன்றவற்றை அப்போதும் தவிர்ப்பதே நல்லது.

அவற்றுக்கு இணையமே தேவையில்லை. விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையும் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையும் ஏற்கெனவே இருக்கின்றன. லினக்ஸில் ஷா256சம், மேக்கில் ஷாசம். சந்தேகத்துக்குரிய கோப்பு ஏதாவது கையில் இருந்தால், கோப்பை ஏற்றாமல் அதன் ஹாஷை மட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடலாம். வேறு யாராவது அதை ஏற்கெனவே ஏற்றியிருந்தால் முடிவு கிடைக்கும்.

ஒப்பிடும் வேலையைக் கண்ணிடம் விடாதீர்கள். முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் பார்த்துத் திருப்தியடைவது மனித இயல்பு. எட்டு எழுத்துகள் மட்டும் பொருந்தும்படி ஒரு கோப்பைச் செய்ய சுமார் 430 கோடி முயற்சிகள் போதும். மேலே சொன்ன கிராஃபிக்ஸ் அட்டைக்கு அது சில நொடி வேலை. இரண்டு மதிப்புகளையும் ஒட்டினால் பொருத்தம் பார்த்துச் சொல்லும் கருவிகளின் உண்மையான பயன் இங்கேதான்.

டிஜிட்டல் தடயங்களோடு புழங்குபவர்கள் சில ஹாஷ்களை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். எம்டி5 விடை ‘டி41டி8சிடி9’ என்றோ, ஷா-256 விடை ‘இ3பி0சி442’ என்றோ தொடங்கினால் அது வெற்றுக் கோப்பு, உள்ளே ஒரு பைட்கூட இல்லை. நகலெடுப்பு தோற்றுப்போனதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

நீதிமன்றத்தில்

இந்தியச் சட்டத்துக்கு ஹாஷ் புதிதல்ல. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தனது 3ஆம் பிரிவிலேயே ஹாஷ் கணக்குக்கு விளக்கம் தருகிறது. விடையிலிருந்து மூலப் பதிவை மீட்டெடுப்பதும், இரண்டு பதிவுகள் ஒரே விடையைத் தருவதும் கணக்கிட்டுச் செய்ய இயலாதவையாக இருக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் அதில் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் இன்னும் ஒரு படி போனது. மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது 63ஆம் பிரிவின்படி தர வேண்டிய சான்றிதழ் படிவத்தில், பதிவின் ஹாஷ் மதிப்பையும் எந்தக் கணக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். ஷா1, ஷா256, எம்டி5, பிற என்று தேர்வுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன.

உடைந்த கணக்குகளும் அதில் இருக்கின்றனவே என்ற கேள்விக்கு, முன்னே பார்த்த நுணுக்கம்தான் பதில். கடையொன்றின் சிசிடிவி பதிவுக்கு எம்டி5 போட்டு வைத்தால், அதே மதிப்பு தரும் வேறொரு வீடியோவைப் பிறகு யாராலும் செய்ய முடியாது. ஆனால் பதிவைத் தயாரித்தவரே ஆரம்பத்திலிருந்து இரட்டைக் கோப்புகளைச் செய்து ஒன்றை ஒளித்துவைத்திருந்தால் எம்டி5 கைவிட்டுவிடும். ஷா256க்கு எதிரே குறியிட்டுவிட்டால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

படிவத்தில் உள்ள எண்ணால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. ஹாஷ் எடுத்த கணத்துக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதற்கு முந்தைய நாட்களில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அது வாய் திறக்காது. கைப்பற்றிய ஃபோனுக்கு ஒரு வாரம் கழித்து ஹாஷ் எடுத்தால், அந்த ஒரு வாரத்துக்கு வேறு சாட்சி வேண்டும். எது ஹாஷை மாற்றும், எது மாற்றாது என்பதில் சாதாரண மக்களும் தடுக்கி விழக்கூடும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது, ஏனென்றால் பெயர் கோப்பின் உள்ளடக்கத்தில் இல்லை. ஆனால் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும். அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் பைட் மாறாமல் போய்ச் சேரும்.

ஒப்பிடுவதற்கு இன்னொரு கை

2019 நவம்பர் 18 அன்று மொனேரோ கிரிப்டோ நாணயத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில், பணப்பையைத் திருடும் போலி மென்பொருள் சில மணி நேரம் இருந்தது. டவுன்லோடு செய்த கோப்பின் ஹாஷ் தளத்தின் பட்டியலோடு பொருந்தவில்லை என்று ஒரு பயனர் கிட்ஹப்பில் எழுதியதும் குட்டு வெளிப்பட்டது. மொனேரோவின் ஹாஷ் பட்டியலில் பராமரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தது. கையொப்பம் பொருந்தும்படி அதைத் திருத்த, சர்வருக்குள் நுழைந்தால் மட்டும் போதாது. வேறொரு கணினியில், வேறொரு மனிதரிடம் இருக்கும் ரகசியச் சாவியும் வேண்டும்.

சாவி வைத்திருப்பவரே கெட்டவராக இருந்தால்? 2024 மார்ச் 29 அன்று அதையும் பார்த்தோம். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆந்திரேஸ் ஃபிராயின்ட், தன் கணினியில் எஸ்எஸ்எச் வழியான தொலை உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைத் துருவிப்போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பது தெரிந்தது. இரண்டாண்டுகளுக்கும் மேலாக நல்லவராக உழைத்துப் பொறுப்பைப் பெற்ற, ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவரே அவற்றை வெளியிட்டிருந்தார். ஹாஷ் பொருந்தியது. கையொப்பமும் உண்மையானதுதான். ஆனால், வெளியீட்டுத் தொகுப்பில் இருந்த கட்டமைப்பு ஸ்கிரிப்ட் ஒன்றில், பொதுவில் இருந்த கிட் கிடங்கில் இல்லாத சில வரிகள் இருந்தன. தொகுப்பை அதன் சொந்த ஹாஷோடு ஒப்பிட்டவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கிடங்கோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஆபத்துகளை எதிர்கொள்ள டெபியன் உள்ளிட்ட பல திட்டங்கள் இதற்கு முன்பே ஒரு வேலையைக் கையில் எடுத்திருந்தன. ஒரே மூல நிரலை வெவ்வேறு நபர்கள் வெவ்வேறு கணினிகளில் தொகுத்தாலும் கடைசி பைட் வரை ஒரே கோப்பு வரும்படி செய்வது. தேதி, கோப்புறையின் பெயர், கோப்புகளின் வரிசை போன்ற சின்னச் சின்ன விஷயங்கள்கூட விடையை மாற்றிவிடும் என்பதால் இது எளிதான வேலை அல்ல. பிட்காயின் கோர் மென்பொருளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு வெளியீட்டையும் பல பேர் தனித்தனியே தொகுத்து, தங்களுக்கு வந்த ஹாஷைக் கையொப்பமிட்டுப் பொதுவில் வைக்கிறார்கள். ஒருவருடைய கணினியில் நஞ்சு கலந்திருந்தால் அவருடைய எண் மட்டும் தனித்து நிற்கும்.

கணக்கைப் போட இன்று எந்த ஃபோனுக்கும் சில நொடிகள் போதும். அதை எதோடு ஒப்பிடுவது, அந்த இன்னொரு எண்ணை யார் கையிலிருந்து வாங்குவது என்ற முடிவை மட்டும் எந்தக் கருவியும் நமக்காக எடுத்துத் தராது.